வடிகால் ஓரத்துக் கலவன்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதிவிட்டு உன் நலத்தைக் கேட்பதுதான் முறை. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவது பாதியை மட்டும் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? முதுகு வலி தேவலையா? அந்த முதியோர் இல்லத்தில் கூட ஓர் ஆளைப் போட்டுவிட்டார்களா, இல்லை இரண்டு பேர் வேலையை இன்னும் உன் ஒருத்தி தலையிலேயே கட்டியிருக்கிறார்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உன் பையன் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறான். படம் எடுத்து அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான்.

குத்தகைத் தாளை உனக்கும் அனுப்பியிருப்பதாகச் சித்தப்பா சொன்னார். விதைக் கம்பெனி நம் வயலை எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய ஒரே ரக நெல்லை விதைக்காக வளர்க்கும். மழை பெய்தாலும் பொய்த்தாலும் நமக்கு வாடகை வந்துவிடும். அப்பா நிலத்தை நம் இருவர் பெயரிலும் எழுதிவைத்ததால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். “வானத்த நம்பி எத்தன நாளைக்குடி உக்காந்திருப்ப” என்று சித்தப்பா தினமும் கேட்கிறார். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதையும் நிலத்துக்குக் கம்பெனி பார்ப்பதையும் ஒரே மூச்சில் பேசுகிறார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று சில சமயம் எனக்கே குழம்பிவிடுகிறது. “நல்ல இடம், பெரிய இடம், நாம எதுவும் செய்ய வேணாம், அவங்களே எல்லாம் பாத்துக்குவாங்க” என்றார். மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். “கம்பெனியச் சொன்னேன் கழுத” என்றார்.

நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று இந்தக் கடிதத்தில் நிதானமாக எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என்னுடைய கூலி வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. நீ வெளிநாடு போன பிறகு வந்த வேலை இது. கம்பெனியின் விதை வயல்களில் கலவன் பிடுங்குகிறோம். ஒரு ரகத்துக்கு என்று வளர்க்கும் வயலில் இன்னொரு ரகத்துச் செடி ஒன்று தப்பித் தவறி முளைத்திருந்தால் அதற்குப் பெயர் கலவன். கூட்டத்தைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும், அல்லது முந்திக்கொண்டு பூக்கும், அல்லது தண்டு கொஞ்சம் சிவந்திருக்கும். பெண்கள் நாங்கள் வரிசையாக வயலுக்குள் நடந்து, அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சூப்பர்வைசர் வரப்பில் நின்று கத்துவான். “உங்களுக்குக் கண்ணா, பொத்தானா?” அவன் வயது என் வயதில் முக்கால்கூட இருக்காது. நாள் முழுக்க வெயிலில் நின்று, மாறுபட்டது எது என்று தேடித் தேடி, கடைத்தெருவில் போனால்கூடக் கூட்டத்தில் உயரமானவனைப் பார்த்துக் கை துறுதுறுக்கிறது. சிரிக்காதே, உண்மை.

நம் வயலில் நான் செய்துகொண்டிருப்பது இதற்கு நேர் எதிர். பொட்டலக்காரரைப் பற்றி முன்பு ஒருமுறை சொன்னேனே, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் விதை கொண்டுவந்து கொடுத்தாரே, அவர் சொல்லிக் கொடுத்த வேலை. விதையில் பாதி எல்லோரும் போடுகிற குட்டை நெல். மீதிப் பாதி அவர் கொடுத்த நான்கு ரகம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து விதை, எந்த வருடம் எது வரும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, எது வந்தாலும் ஒருத்தியாவது நிற்பாள் என்றார். அவர் ‘ஒன்றாவது நிற்கும்’ என்றுதான் சொன்னார். ஒருத்தி ஆக்கியது நான். நான்கு ரகத்துக்கும் எண்தான் போட்டிருந்தார். நான் பெயர் வைத்தேன். சீக்கிரம் முற்றுபவள் அவசரக்காரி. எல்லோரும் கதிர் விட்ட பிறகும் பச்சையாகவே நிற்பவள் சோம்பேறி. தண்ணீர் இல்லாமல் கிடப்பவள் ஒட்டகம். தண்ணீர் ஏற ஏறத் தானும் நீண்டு தலையை வெளியே வைத்துக்கொள்பவள் நீச்சல்காரி.

போன வருடம் மழை ஏமாற்றியபோது அக்கம்பக்கத்தில் மாட்டுக்குக்கூட வைக்கோல் இல்லை. நம் வயலில் ஒட்டகம் நின்றது. அரை வயிறுதான், ஆனால் நின்றது. அந்த நெல்லைக் குத்தித்தான் உன் பையனுக்கு அனுப்பினேன்.

எல்லாம் சுகம் என்று உன்னை ஏமாற்றவில்லை. ஒரே சமயத்தில் முற்றாததால் அறுவடை மெஷின் உள்ளே இறங்காது. மெஷின்காரன் பார்த்துவிட்டு, “இது வயலா, சந்தையா?” என்றான். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக் கையால் அறுக்க வேண்டும். கலந்து குவித்துவிட்டால் மில்லில் வாங்க மாட்டார்கள். உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி விறைத்துக்கொண்டு நிற்கும். பொட்டலக்காரருடைய திட்டத்தையும் மூடிவிட்டார்கள். அவரை ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்காலி எண்ண உட்காரவைத்திருப்பதாகக் கேள்வி. ஆக, இதைச் செய் என்று சொல்ல இப்போது எனக்கு யாரும் இல்லை. செய்யாதே என்று சொல்லத்தான் தெரு முழுக்க ஆள் இருக்கிறது.

இப்போது கூத்துக்கு வருகிறேன். எனக்கு விடாத காய்ச்சல். எழுந்து வாசலுக்கு வரக்கூட முடியவில்லை. எங்கள் கூட்டத்து மேஸ்திரி அக்கா வந்து பார்த்துவிட்டு, என் வயலில் களை மண்டிக் கிடப்பதைக் கவனித்திருக்கிறாள். விடுமுறை நாளாகப் பார்த்து எல்லாப் பெண்களையும் கூட்டிவந்திருக்கிறாள். கூலி இல்லாமல், தங்கள் சொந்தச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, என் வயலில் இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் மேஸ்திரி அக்கா சேற்றுக் காலோடு வந்து கட்டிலருகே நின்றாள். அப்படி ஒரு பெருமை முகத்தில். “களையெல்லாம் எடுத்தாச்சுடி. அது மட்டுமில்ல, உன் வயல்ல எவ்ளோ கலவன் தெரியுமா? எந்தப் பாவி உனக்கு இந்த விதையக் குடுத்தான்? அம்புட்டையும் புடுங்கிட்டோம். இப்பப் போய்ப் பாரு, பாய் விரிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

அக்கா, நான் என்ன சொல்வேன்? நன்றி என்றேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

கால் ஊன்ற முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பாய்தான். குட்டை, குட்டை, குட்டை. வரப்பில் என் நான்கு பேரும் வேர் தெரியக் குவிந்து காய்ந்து கிடந்தார்கள். வடிகால் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு தொடப்படாமல் நின்றது. அதுதான் வயலிலேயே பள்ளமான, மோசமான இடம். ஏன் விட்டார்கள் என்று கேட்டால், அங்கே பாம்பு கிடந்ததாம். மேஸ்திரி அக்கா கறுப்பாக, நீளமாகப் பார்த்தாளாம். கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா காலத்து ஓஸ் பைப்பு.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள்மேல் முடியவில்லை. அவர்கள் கண்ணை அப்படிப் பழக்கியது யார்? என் கண்ணையும்தானே பழக்கினார்கள்? ஒன்று போல இல்லாததெல்லாம் குற்றம் என்று வருடக் கணக்காகக் கூலி கொடுத்துக் கற்றுக்கொடுத்தால், அன்பில் வந்து செய்யும்போதும் கை அதைத்தான் செய்யும்.

கையெழுத்துப் போட அவசரப்படாதே. மீதியை அடுத்து எழுதுகிறேன். காய்ச்சல் விட்டும் உடம்பு பஞ்சாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் வடிந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன். வீட்டுக்குள் முழங்கால்வரை வந்தது. பீரோவின் கீழ்த்தட்டு போய்விட்டது, உன் பழைய சுடிதார்களும் அதில்தான் இருந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒன்று இருக்கிறது. பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. மற்றபடி ஓட்டுக் கூரைக்குச் சேதம் இல்லை.

பருவத்தில் வராத மழை பருவம் முடிந்த பிறகு வந்து மொத்தத்தையும் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டுப் போனது. வானம் கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள். அது தானாகவா கெட்டது? நம் வீட்டில் இருப்பது ஒரு மோட்டார், ஒரு மின்விசிறி, அதுவும் பாதி நேரம் கரண்ட் இல்லை. எங்கேயோ யாரோ எரித்துத் தீர்த்ததற்கு நம் வயல் மூழ்குகிறது. பிறகு அவர்களே வந்து வானத்தை நம்பாதீர்கள், எங்களை நம்புங்கள் என்று குத்தகைத் தாளை நீட்டுகிறார்கள்.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பலமுறை கேட்டேன். “என்னால முடியலடி. நீயும் சேத்துல கெடக்குற, நானும் இங்க கெடக்குறேன். அந்த வாடக வந்தா ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காரலாம்” என்று சொல்லியிருந்தாய். அதற்குப் பின்னால் யாரோ கிழவர் ஒருவர் உன்னைக் கூப்பிடும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் உட்காரத்தான் ஆசை.

ஆனால் வயலைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும்.

பாய் மாதிரி இருந்த பகுதி பாயாகவே அழுகிவிட்டது. கையை வைத்தால் கூழ். நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. குட்டை நெல்லால் தலையை வெளியே நீட்ட முடியவில்லை. தண்ணீர் வடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கவும் அதற்குத் தெரியாது. அதன்மேல் குற்றமில்லை. உரமும் தண்ணீரும் அளந்து ஊற்றும் வயலுக்கு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை எல்லார் வயலும் அப்படியே.

வடிகால் ஓரத்துத் துண்டு நின்றது.

மறுபடியும் எழுதுகிறேன், நீ அவசரத்தில் வாசித்திருப்பாய். பள்ளமான இடம், தண்ணீர் முதலில் வந்து கடைசியில் போன இடம், அது நின்றது. எல்லாம் இல்லை. அதில் இருந்த குட்டை அழுகிப்போனது. ஒட்டகமும் போனாள், அவளுக்குத் தண்ணீர் ஆகாது. ஆனால் நீச்சல்காரி என் தோள் உயரத்துக்கு நீண்டு, கொஞ்சம் சாய்ந்து, கதிரோடு நின்றாள். சோம்பேறி இன்னும் கதிரே விடாததால் அவளுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அழுகிய இலைகளுக்கு நடுவிலிருந்து புதுசாகத் தூர் விட்டுக்கொண்டிருந்தாள். அவசரக்காரியை மழைக்கு முன்பே நான் அறுத்துச் சட்டியில் போட்டு மூடிப் பரண்மேல் வைத்துவிட்டேன். அந்தத் துண்டுக்குள் இறங்கி நின்று கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம் என்று எழுதினால் அழகாக இருக்கும். சந்தோஷம் இல்லை. முழு வயலும் இப்படி நின்றிருக்க வேண்டியது என்ற வயிற்றெரிச்சல்.

சேதக் கணக்கு எடுக்க அதிகாரி வந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பிலேயே நின்றார். “என்ன ரகம்மா?” என்றார். சொன்னேன். “அஞ்சு பேரெல்லாம் எழுத இடமில்ல. ஒண்ணு சொல்லு” என்றார். ஒன்று இல்லையே என்றேன். யோசித்துவிட்டுக் கலப்படம் என்று எழுதினார். பாலில் தண்ணீர் ஊற்றியவளைப் போல. கலப்படத்துக்கு நிவாரணம் கிடையாதாம். நின்றுகொண்டிருந்த துண்டைக் காட்டி, இதையாவது எழுதுங்கள், இது நின்றிருக்கிறது, ஏன் நின்றது என்று மேலே யாராவது கேட்கட்டும் என்றேன். “நான் சேதத்த எழுத வந்தவன்மா. நிக்கிறத எழுத வேற ஆள் வரணும்” என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே சொன்னார். எந்த ஆள் வருவார்? வர வேண்டியவர் நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மேஸ்திரி அக்கா வந்தாள். அவளும் வீட்டுக்குப் பின்னால் கால் வயிற்றுக்கு ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறாள், கம்பெனி விதைதான் போட்டிருந்தாள், எல்லாம் போய்விட்டது. வடிகால் ஓரத்தில் வந்து நின்று பார்த்தாள்.  அவளுக்கு எங்கேயாவது உறைத்திருக்க வேண்டும். அன்று பிடுங்கிப் போட்டதில் வரப்பில் ஒட்டிக் கிடந்த மிச்சத்தையும் நின்றிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “ஏண்டி அப்பவே சொல்லல? வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று என்னைத்தான் திட்டினாள். நீங்கள் அவ்வளவு பெருமையாக நின்றீர்கள், எப்படிச் சொல்வது என்றேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. கிளம்பும்போது திரும்பிப் பார்க்காமல், “அறுத்தா எனக்கும் ஒரு கைப்பிடி எடுத்து வை, அந்தக் கலவன” என்றாள்.

நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அறுவடை முடிந்தால் விதைக்குத் தேறும். முழு வயலுக்குத் தேறாது, கால் வயலுக்குத் தேறும். அடுத்த தடவை அதைவிடக் கூடும். எனக்கு வேண்டியது ஒரு பருவம். ஒன்றே ஒன்று.

முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. பையனை அதட்டாதே. நம் கோபத்துக்கு அவன் என்ன செய்வான்?

இப்படிக்கு,
உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்து வந்து சேர்ந்தது. என் இரண்டாவது கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்பே அனுப்பியிருக்கிறாய், தேதியைப் பார்த்தேன். அதனால் உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. சித்தப்பா தாளை எனக்கு முன்னால் விரித்தபோது நீ எழுதியிருந்த உன் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். கடைசி எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. நின்றுகொண்டே போட்டிருப்பாய். டூட்டி உடையில், யாரோ மணி அடித்துக்கொண்டிருக்கும்போது.

“அக்காவே போட்டுட்டா, உனக்கென்ன வந்துச்சு” என்றார் சித்தப்பா, பேனாவின் மூடியைக் கழற்றியபடி. என் கையெல்லாம் உமி, தாள் அழுக்காகிவிடும் என்றேன். அப்போது நான் நீச்சல்காரியைத் தூற்றிக்கொண்டிருந்தேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் போய்விட்டார். கம்பெனி ஏஜென்ட் அவருக்கு ஏதோ கெடு சொல்லியிருக்கிறான். நாளைக்கும் வருவார். அடுத்த நாளும் வருவார். அவரும் கெட்டவர் இல்லை, அவர் வயலும் அழுகித்தான் போனது.

நான் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நம் வயலில் கம்பெனியின் குட்டை நெல் பாய் போல வளரும். எங்கள் கூட்டம் கூலிக்கு அதில் இறங்கும், நானும் இறங்குவேன். அறுவடையில் உதிர்ந்த மணிகள் மண்ணுக்குள் இருக்கின்றன, அவை சும்மா கிடக்காது. வடிகால் ஓரத்தில் ஒரு சாண் உயரமாக ஒருத்தி தலையைத் தூக்குவாள். சூப்பர்வைசர் வரப்பிலிருந்து, உனக்குக் கண்ணா பொத்தானா என்று கத்துவான். அப்பாவின் மண்ணிலிருந்து அவளை வேரோடு பிடுங்கி நான் சாக்கில் போடுவேன். எனக்குக் கூலி வேண்டுமே.

விதையைத் தனித்தனியாகக் காயவைத்திருக்கிறேன். உன் கட்டில்மேல்தான். வீட்டில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான். சோம்பேறிகூட ஒரு வழியாகக் கதிர் விட்டு முற்றிவிட்டாள். ஒட்டகம் மட்டும் இல்லை. போன வருடத்து நெல்லில் மீதியிருந்தால் திருப்பி அனுப்பு என்று உன்னிடம் கேட்கலாமென்று பார்த்தேன், குத்திய அரிசி முளைக்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மூளை அந்த நிலைமையில் இருக்கிறது. மேஸ்திரி அக்காவுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தேன். அவள் மறுநாள் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். அவர்களுக்கும் கொடுத்தேன். யார் வீட்டுக் கொல்லையிலாவது, யார் வரப்பு ஓரத்திலாவது இருக்கட்டும். “இதுல ஏதாச்சும் ஒண்ணு தனியா முளைச்சா என்னடி பண்றது?” என்று ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள். “புடுங்காத, அம்புட்டுத்தான்” என்றாள் மேஸ்திரி அக்கா. எல்லோரும் சிரித்தோம். எல்லோருக்கும் கால் வீங்கியிருந்தது.

அக்கா, நீ வர வேண்டாம். உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும், எப்போது வருவாய் என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன், கவனித்திருப்பாய். நீ போட்ட கையெழுத்தை அடிக்கவும் வேண்டாம். இரண்டு கையெழுத்தில் ஒன்று இல்லாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள்தான். அந்த ஒன்று என் கையில் இருக்கிறது. ஆனால் சித்தப்பா பேனாவோடு வரும்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். எதிரில் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கும்போது, என்னிடம் இருப்பதெல்லாம் மூன்று சட்டி விதை. அது போதும் என்று ஒருத்தியாக எத்தனை நாள் சொல்வது? களைத்துவிட்டேன். ஏதாவது ஒரு நாள் களைப்பிலேயே போட்டுவிடுவேன், அதுதான் பயம்.

அதனால் ஒன்று செய். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, வந்து சேர நாளாகும். போன் பண்ணு. போடாதே என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடு. காரணம் சொல்ல வேண்டாம். நீ அழுதால் அழு, பையன் போனைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் இருக்கட்டும். இந்தத் தடவை நான் கத்த மாட்டேன்.

உன் முதுகு நன்றாக இருக்கட்டும். உன் பையன் உயரமாக வளரட்டும்.

இப்படிக்கு,
போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு,
உன் தங்கை